வாங்காத சம்பளத்துக்கு வைத்த கையெழுத்து



அறபு படித்தவன் என்பதால் ஊரார் என்னிடம் பலவிதமான தாள்களைக் கொண்டு வருவார்கள். விசாத் தாள், மருந்துச் சீட்டு, ஹஜ்ஜுக்குப் போன இடத்தில் கிடைத்த அறிவித்தல், இப்படி ஏதாவது ஒன்று. வாசித்துச் சொன்னால் துஆச் செய்துவிட்டுப் போவார்கள். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தாள் வந்தது. அதை வாசித்த பிறகு என் வாயால் சொல்ல முடியவில்லை.

கொண்டு வந்தவர் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக நாலு வருடம் இருந்துவிட்டு வந்த ஒரு சகோதரி. உம்மாவையும் கூட்டிக் கொண்டு மத்ரஸாவின் வாசலில் நின்றார். கையில் ஒரு ஷொப்பிங் பேக். அதற்குள் பாஸ்போட், காசு அனுப்பிய ரசீதுகள், நாலாக மடித்த ஒரு தாள்.

"மௌலவி, இதுல என்ன எழுதிருக்கு எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்களே. டிக்கட் எடுக்கிறதுக்கு எண்டு சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க. பெருவிரலும் வச்சேன்."

விரித்துப் பார்த்தேன். அறபியில் அதை 'முஹாலஸா' என்பார்கள். கணக்குத் தீர்த்த பத்திரம் என்று பொருள். வேலை செய்த காலத்துக்குரிய சம்பளம் முழுவதையும் இதர கொடுப்பனவுகளையும் பெற்றுக் கொண்டேன், வீட்டுக்காரர் மீது எனக்கு இனி எந்த உரிமைக் கோரிக்கையும் இல்லை என்ற கருத்தில் அது எழுதப்பட்டிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து. பக்கத்தில் நீல மையில் பெருவிரல் அடையாளம்.

"உங்களுக்குச் சம்பளம் எல்லாம் தந்தாங்களா, தங்கச்சி?" என்று கேட்டேன்.

"கடைசி ஏழு மாசம் ஒண்டும் தரல்ல மௌலவி. ஊருக்குப் போனதும் போடுவம் எண்டாங்க."

உம்மா என் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தார். மகளின் காசை நம்பித்தான் வீட்டுக்குக் கூரை போடக் கடன் வாங்கியிருந்தார்கள்.

இப்படியான நேரத்தில் நம்மில் பலர் சொல்லும் பதில் ஒன்றுண்டு. "சபூர் செய்யுங்கள், அல்லாஹ் வேறு வழியால் தருவான்." நானும் அதற்குச் சில வருடங்களுக்கு முன்பு வேறொரு சகோதரிக்கு அதைத்தான் சொல்லி அனுப்பினேன். ஆறுதல் சொன்னதாக நினைத்துக் கொண்டேன். உண்மையில் எனக்கு வழி தெரியவில்லை என்பதைத்தான் அந்த வார்த்தையால் மூடி மறைத்தேன். இன்றும் அது என் மனதை உறுத்துகிறது. சபூர் என்பது இழப்பைத் தாங்குவது. உரிமையை எடுத்தவனிடமே விட்டுக் கொடுத்துவிட்டு வீட்டில் அழுது கொண்டிருப்பதற்கு அந்தப் பெயரை வைக்க முடியாது.

இந்த முறை அப்படிச் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. மறுநாள் காலையில் அவர்களோடு பிரதேச செயலகத்துக்குப் போனேன். அன்று தொடங்கி நான் அறிந்து கொண்ட விடயங்களைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் வீட்டில் யாரும் வெளிநாடு போகாமல் இருக்கலாம். உங்கள் தெருவில் ஒருவராவது போயிருப்பார்.

மக்காவில் நடந்த ஓர் உடன்படிக்கை

சட்டம், வழக்கு என்றாலே "அது நம்மைப் போன்ற கண்ணியமான குடும்பத்துக்குச் சரிவராது" என்று பின்வாங்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆகவே சீறாவில் உள்ள ஒரு சம்பவத்தை முதலில் ஞாபகப்படுத்துகிறேன்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் கிடைப்பதற்கு முந்திய காலம். அவர்கள் அப்போது இளைஞர். யெமன் நாட்டின் ஸபீத் என்ற ஊரிலிருந்து ஒருவர் மக்காவுக்குச் சரக்குக் கொண்டு வந்தார். ஆஸ் இப்னு வாயில் என்ற குறைஷித் தலைவர் அதை வாங்கிக் கொண்டு விலையைக் கொடுக்கவில்லை. வந்தவர் வெளியூர்க்காரர். அவருக்காகப் பேச மக்காவில் ஒரு கோத்திரமும் இல்லை. அவர் அபூகுபைஸ் மலையில் ஏறி நின்று, தனக்கு நடந்த அநியாயத்தை எல்லோரும் கேட்கும்படி உரத்துச் சொன்னார். அதன் பிறகு அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் வீட்டில் சில கோத்திரத்தார் கூடி, மக்காவில் அநீதி இழைக்கப்பட்டவர் உள்ளூரவராயினும் வெளியூரவராயினும் அவருடைய உரிமை கிடைக்கும் வரை அவரோடு நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். அதுதான் ஹில்புல் புழூல். நபியவர்களும் அந்தச் சபையில் இருந்தார்கள். பிற்காலத்தில், இஸ்லாத்திலும் அப்படியொரு உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் தாம் போவதாகச் சொல்லி அதைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார்கள்.

பிறர் நாட்டில் உழைத்துவிட்டுக் காசு கிடைக்காமல் நிற்கிற நம் சகோதரியின் நிலையும் அந்த யெமன் வியாபாரியின் நிலைதானே? அவர் மலையில் ஏறிச் சத்தமிட்டதை யாரும் வெட்கக்கேடு என்று சொல்லவில்லை. தன் கூலியைக் கேட்பது பிச்சை கேட்பதாகாது. வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று ஹதீஸில் வந்திருக்கும்போது, இம்மையில் நாம் ஒரு முறைப்பாடு எழுதிக் கொடுக்க ஏன் கூச வேண்டும்?

பணம் கட்டாமல் கிடைக்கும் உதவி

வெளிநாட்டில் வேலை செய்வோருக்காக நமது நாட்டில் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. தலைமையகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. 1989 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைக்கலாம். சம்பளம் கிடைக்கவில்லை, அடிக்கிறார்கள், ஒப்பந்தத்தில் சொன்ன வேலை வேறு செய்விக்கும் வேலை வேறு, பாஸ்போட்டைப் பறித்து வைத்திருக்கிறார்கள், வீட்டோடு பேச விடுவதில்லை என்ற எந்தக் குறையையும் அங்கே முறையிடலாம். போனவர்தான் வர வேண்டும் என்றில்லை. அவர் வெளிநாட்டில் இருக்கும்போதே கணவரோ, உம்மாவோ, சகோதரமோ அவருக்காக முறைப்பாடு செய்யலாம். அதற்காக யாருக்கும் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. "நான் பணியகத்தில் ஆள் பிடித்துத் தருகிறேன், இவ்வளவு தாருங்கள்" என்று ஒருவர் வந்தால் அவரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

கொழும்புக்குப் போக வசதியில்லாதவர்கள் தங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய், வெளிநாட்டு வேலைவாய்ப்பு விடயத்துக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்திக்கலாம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்.

முறைப்பாடு பதிவானதும் அது இரண்டு பக்கமாகப் போகிறது. ஒன்று, அனுப்பிய முகவர் நிலையம். அவர்களைப் பணியகம் அழைத்து விசாரிக்கும். அனுமதிப்பத்திரம் பெற்ற முகவருக்கு அந்த அனுமதியை இழந்துவிடும் பயம் உண்டு. ஆகவே பதில் சொல்வார்கள். மற்றது, அந்த நாட்டிலுள்ள நமது தூதரகம். அங்குள்ள தொழில் பிரிவு வீட்டுக்காரரைத் தொடர்பு கொண்டு பேசும். வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள் தங்குவதற்குக் குவைத் போன்ற நாடுகளில் நமது தூதரகம் பாதுகாப்பு இல்லமும் நடத்தி வந்திருக்கிறது.

உள்நாட்டில் வழக்குப் பேச வேண்டி வந்தால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. இது 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. தலைமையகம் கொழும்பு புதுக்கடையில். நாட்டின் பல பாகங்களிலும், பெரும்பாலும் நீதிமன்றங்களை அண்டியே, கிளைகள் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டத்தரணியை ஏற்படுத்திக் கொடுப்பதும் சட்ட ஆலோசனை வழங்குவதும் அதன் கடமை. போகும்போது அடையாள அட்டையையும், கிராம உத்தியோகத்தரிடம் வருமானம் பற்றிய ஒரு கடிதத்தையும், கையிலுள்ள தாள்களையும் எடுத்துக் கொண்டு போங்கள்.

அந்த நாட்டுச் சட்டமும் உங்கள் பக்கம் பேசும்

"அவன் நாட்டில் அவன் சொன்னதுதானே சட்டம்" என்று நம் பெண்கள் நினைக்கிறார்கள். முன்பு பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. தொழிற்சட்டங்களில் வீட்டுப் பணிப்பெண்களை விலக்கியே வைத்திருந்தார்கள். பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. குவைத் 2015ஆம் ஆண்டில் வீட்டுப் பணியாளருக்கென்றே 68ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. நாளொன்றுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும். வருடத்தில் ஒரு மாதம் சம்பளத்துடன் லீவு. வேலையை முடித்துப் போகும்போது, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் வீதம் தனியாகக் கொடுக்க வேண்டும். பாஸ்போட்டை வீட்டுக்காரர் பறித்து வைக்கக் கூடாது. கட்டாரிலும் 2017ஆம் ஆண்டில் 15ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அங்கே வேலை நேரம் 10 மணித்தியாலம். வேலை முடிவில் வருடத்துக்குக் குறைந்தது மூன்று வாரச் சம்பளம்.

நான் மேலே சொன்ன சகோதரி நாலு வருடம் இருந்தவர். சம்பள பாக்கி மட்டுமல்ல, நாலு மாதச் சம்பளத்துக்குச் சமமான இந்தக் கடைசிக் கொடுப்பனவும் அவருக்குச் சேர வேண்டியது. அப்படியொன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத்தான் "பெற்றுக் கொண்டேன்" என்று கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார்.

சட்டம் இருப்பதும் அது நடைமுறையில் கைக்கு வருவதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்டவளால் அலுவலகத்துக்குப் போக முடியாது. அறபு தெரியாதவளால் தன் பக்கத்தைச் சொல்ல முடியாது. மூதூரைச் சேர்ந்த றிஸானா நபீக்கை நாம் மறந்துவிடவில்லை. பாஸ்போட்டில் வயதைக் கூட்டிக் காட்டி 2005ஆம் ஆண்டில் சவூதிக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு 17 வயது. பராமரித்த குழந்தை இறந்ததும் கைது செய்யப்பட்டார். ஆரம்ப விசாரணையின்போது அவருக்காகப் பேசச் சட்டத்தரணி யாரும் இருக்கவில்லை. அந்த நிலையில் எடுக்கப்பட்ட வாக்குமூலத்தைப் பின்னர் அவர் மறுத்தார். 2007ஆம் ஆண்டில் மரண தண்டனை விதிக்கப்பட்ட பிறகுதான் மேன்முறையீட்டுக்காகச் சட்ட உதவி திரட்டப்பட்டது. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது. அல்லாஹ் அவருக்கு உயர்ந்த சுவர்க்கத்தைக் கொடுப்பானாக. முதல் நாளிலேயே கிடைக்க வேண்டிய மொழிபெயர்ப்பாளரும் சட்டத்தரணியும் பிந்தி வந்தால் எவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டி வரும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை. ஒருவர் கைது செய்யப்பட்டார் என்ற செய்தி கிடைத்தால் அன்றே பணியகத்துக்கும் தூதரகத்துக்கும் அறிவியுங்கள். வெட்கத்தில் மறைத்து வைக்காதீர்கள்.

தாள்தான் சாட்சி

இலவசச் சட்ட உதவி என்றால் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக் கொள்வார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. சட்டத்தரணி இலவசமாகப் பேசுவார். ஆனால் அவர் பேசுவதற்கு ஆதாரத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். அது தாள்களில்தான் இருக்கிறது. ஆகவே சகோதரிகளே, பின்வருவனவற்றை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, போகுமுன் ஒப்பந்தத்தின் பிரதியும் பாஸ்போட்டின் பிரதியும் வீட்டில் இருக்க வேண்டும். முகவர் நிலையத்தின் பெயர், அனுமதி இலக்கம், வீட்டுக்காரரின் பெயர், தொலைபேசி இலக்கம் என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி உம்மாவிடம் கொடுங்கள். இன்று எல்லோர் கையிலும் போன் இருப்பதால் படம் பிடித்து அனுப்பிவிடுவதும் சுலபம்.

இரண்டாவது, சம்பளம் கிடைத்த மாதம், கிடைக்காத மாதம் இரண்டையும் குறித்து வையுங்கள். காசு அனுப்பிய ரசீதுகளை எறிந்துவிடாதீர்கள். வீட்டுக்காரர் "நாளைக்குத் தருகிறேன்" என்று அனுப்பிய குரல் செய்தியைக் கூட அழிக்காதீர்கள்.

மூன்றாவது, வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். வற்புறுத்தினால் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்புங்கள். ஊரில் அறபு தெரிந்த மௌலவிமார் இல்லாத மஹல்லா கிடையாது. ஐந்து நிமிடத்தில் வாசித்துச் சொல்லிவிடுவோம். எந்த நேரத்திலும் எங்களை எழுப்பலாம்.

நாலாவது, கணக்குத் தீராமல் விமானம் ஏறாதீர்கள். ஏறியே ஆக வேண்டிய நிலை வந்தால், போகுமுன் தூதரகத்தில் முறைப்பாட்டைப் பதிந்து, உங்கள் சார்பில் பேச அதிகாரம் கொடுக்கும் பத்திரம் எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். இதை அங்கே 'வகாலா' என்பார்கள். ஊருக்கு வந்த பின் இங்கிருந்து பேசுவது பல மடங்கு கஷ்டம்.

ஐந்தாவது, விசிட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். பதிவும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. 2022ஆம் ஆண்டில் ஓமானில் அகப்பட்டுத் தவித்த நம் நாட்டுப் பெண்களில் பலர் அப்படிப் போனவர்கள்தான். ஏற்கனவே அப்படிப் போய்விட்டவர் இருந்தால், "நாம் செய்தது பிழை, எங்கே போய்ச் சொல்வது" என்று ஒதுங்கி இருக்காமல் அவருக்காகவும் முறையிடுங்கள். ஏமாற்றியவன்தான் முதலில் குற்றவாளி.

உள்ளூரில் உழைப்பவர்கள்

கடையிலும் தையல் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் நமது பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். சம்பளத்தில் 8 வீதத்தைப் பிடித்து, முதலாளி தன் பங்காக 12 வீதம் சேர்த்து ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும் என்பது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். அதற்கு மேல் 3 வீதம் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் நின்றவருக்கு, விலகும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு.

கட்டாமல் விட்டால் பக்கத்திலுள்ள தொழில் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். காதி நீதிமன்றத்துக்குச் சட்டத்தரணி இல்லாமல் நீங்களே போய்ப் பேசுகிறீர்கள் அல்லவா? அங்கும் அப்படியே போகலாம். பாக்கியை அறவிடுவதற்குத் தொழில் ஆணையாளரே நீதவான் நீதிமன்றத்துக்குப் போவார். உங்கள் கையிலிருந்து செலவில்லை. காரணமில்லாமல் வேலையிலிருந்து நிறுத்தினால் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் காலவரையறை உண்டு. ஆகவே தாமதிக்காமல் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போய் ஆலோசனை கேளுங்கள்.

நமது குசினிக்குள் இருப்பவர்

இன்னொரு விடயம் இருக்கிறது. சொல்லாமல் முடித்தால் நான் பாதியைத்தான் சொன்னவனாவேன்.

நமது வீடுகளிலும் சமைக்கவும் பிள்ளை பார்க்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். தோட்டத்திலிருந்தோ தூரத்துக் கிராமத்திலிருந்தோ வந்த பெண்கள். நான் மேலே சொன்ன சேமலாப நிதிச் சட்டமும் பணிக்கொடைச் சட்டமும் வீட்டு வேலைக்காரரைச் சேர்க்கவில்லை. குவைத்காரனின் வீட்டில் நம் சகோதரிக்குச் சட்டம் எழுதிக் கொடுத்த ஓய்வு நாளும் கடைசிக் கொடுப்பனவும் நமது வீட்டு வேலைக்காரிக்கு இல்லை. சட்டம் கேட்கவில்லை என்பதால் அல்லாஹ்வும் கேட்க மாட்டானா?

"அவளுடைய காசை நான்தான் சேர்த்து வைத்திருக்கிறேன், கலியாணத்துக்குக் கொடுப்பேன்" என்று சொல்லும் தாய்மாரை நான் அறிவேன். நல்ல எண்ணமாக இருக்கலாம். ஆனால் அது எழுதப்பட்டிருக்கிறதா? நாளை உங்களுக்கு மௌத்து வந்தால் உங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்குத் தெரியுமா? மாதா மாதம் அவள் கையிலேயே கொடுங்கள், அல்லது அவள் பெயரில் வங்கிப் புத்தகம் திறந்து அதில் போடுங்கள். ஒரு கொப்பியில் எழுதி அவளுக்கும் காட்டுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். 16 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு எடுக்காதீர்கள். 2021ஆம் ஆண்டிலிருந்து சட்டப்படியும் அது குற்றம்.

அந்தச் சகோதரியின் காசு

முறைப்பாடு கொடுத்து எட்டு மாதம் சென்றது. இடையில் மூன்று தடவை பத்தரமுல்லைக்குப் போய் வந்தார்கள். அந்த முஹாலஸாவைக் காட்டி, எல்லாம் கொடுத்தாயிற்று என்றே வீட்டுக்காரர் சாதித்தாராம். கடைசியில் உதவியது ஷொப்பிங் பேக்கில் கிடந்த அந்தப் பழைய ரசீதுகள்தான். மூன்று வருடத்துக்கு மேல் ஒரு மாதம் தவறாமல் காசு வந்திருக்கிறது. பிறகு திடீரென்று நின்றிருக்கிறது. அந்த இடைவெளியை அந்தத் தரப்பால் விளக்க முடியவில்லை. முகவரும் நெருக்கப்பட்டார். ஏழு மாதத்தில் நாலு மாதச் சம்பளம் வந்து சேர்ந்தது. மிச்சம் மூன்று மாதமும், நாலு வருடத்துக்குரிய கடைசிக் கொடுப்பனவும் வரவே இல்லை. அந்தக் கையெழுத்தின் விலை அது.

காசு வந்த அன்று அவருடைய உம்மா ஒரு தட்டில் தொதல் கொண்டு வந்தார். "மௌலவி, இத அண்டைக்கே எங்களுக்கு யாராவது சொல்லித் தந்திருந்தா முழுசையும் எடுத்திருப்பமே" என்றார்.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் நான் சபூர் சொல்லி அனுப்பிய அந்த முதல் சகோதரியின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கு ஒரு மாதச் சம்பளம் கூடக் கிடைக்கவில்லை.

சகோதரிகளே! நீங்கள் சட்டத்தரணியாக வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் ஒருவர் பெட்டி கட்டும்போது "ஒப்பந்தத்தின் பிரதியை வீட்டில் வைத்தாயா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். திரும்பி வந்தவரிடம் "சம்பளம் முழுவதும் கிடைத்ததா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அவர் கையைப் பிடித்துப் பிரதேச செயலகம் வரை கூட்டிச் செல்லுங்கள். அபூகுபைஸ் மலையில் நின்று ஒருவர் சத்தமிட்டபோது கேட்டவர்கள் எழுந்து வந்தார்கள். நமது தெருவில் சத்தமிடத் தெரியாமல் இருப்பவருக்காக நாம் எழுந்து போவோம், இன்ஷா அல்லாஹ்.